மேல்தொட்டியில் முப்பத்துநான்கு

"உள்ள என்னதான் பண்றீங்க? ஒரு மணி நேரமாச்சு!"

மனைவி குளியலறைக் கதவை மூன்றாவது முறையாகத் தட்டினாள். உள்ளே எழுத்தர் ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு முன்னால் குந்தியிருந்தார். வாளியில் இருபத்துமூன்று பொடிக் கெண்டைகள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. ஒன்றாவது வாலை ஆட்டாதா என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆட்டவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ் வேலை."

"பாத்ரூம்ல என்ன ஆபீஸ் வேலை?"

நம்புவதற்குக் கஷ்டம்தான். ஆனால் அது ஆபீஸ் வேலையேதான்.

எழுத்தர் நகரக் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் இருந்தார். தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் நாறுகிறது, வந்தது நிற்கவே இல்லை என்று ஊர் சொல்வதையெல்லாம் பதிவு செய்து, 'ஆவன செய்யப்படும்' என்று பதில் எழுதுவது அவருடைய உத்தியோகம். பதினேழு வருடமாக அதே நாற்காலி. வியாழக்கிழமை ஒரு ஃபைலை வைக்க மேலதிகாரியான பொறியாளரின் அறைக்குப் போனபோது, மேஜையில் இடமாற்றப் பட்டியல் திறந்து கிடந்தது. அவர் பார்க்கவில்லை. கண்தான் பார்த்தது.

நான்கு இடங்கள். மூன்றுக்கு எதிரே பெயர் இருந்தது. நான்காவது, மலைமேல் நீரேற்று நிலையம். அங்கே ஒரு மோட்டார் உண்டு, அதைப் பார்க்க ஒரு நாற்காலி உண்டு, வாரத்துக்கு இரண்டு பஸ் உண்டு. பள்ளிக்கூடம் கிடையாது. அந்த வரி காலியாக இருந்தது.

மகளுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். மனைவி வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்தி, இப்போதுதான் முப்பது பேர் சேர்ந்திருந்தார்கள். காலியாக இருந்த அந்த வரியில் தன் பெயர் எவ்வளவு பொருத்தமாக உட்காரும் என்று எழுத்தர் நினைத்துப் பார்த்தார். பயந்துபோனார் மனிதர்.

அன்று மதியம் கேன்டீனில் பொறியாளர் வழக்கம்போலத் தன் கொடுவா மீன் புராணத்தை ஆரம்பித்தார். அவருக்குத் தூண்டில் பைத்தியம் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரியும். ஞாயிறு விடிந்தால் ஏரியில் இருப்பார். ஆனால் அவர் பிடித்த மீனை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

"கொடுவா இருக்கே, அது ராஜா மாதிரி. செத்ததைத் தொடாது. அதுக்கு உயிரோட நீந்துற இரை வேணும். இந்த ஊர்ல அதான் கிடைக்க மாட்டேங்குது. கிடைச்சா நான் யாருன்னு காட்டிடுவேன்!" என்று பெருமூச்சு விட்டார்.

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்பார்களே, அது இதுதான் என்று எழுத்தருக்குப் பொறி தட்டியது.

"சார், உயிர் இரைதானே? நான் பிடிச்சுத் தரேன்."

பொறியாளரின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. "நீங்களா?"

"சின்ன வயசுலேர்ந்தே அதெல்லாம் நமக்குக் கைவந்த கலை சார். ஞாயித்துக்கிழமை காலைல நேரா ஏரிக்கே கொண்டு வந்துடுறேன். இருபது போதுமா?"

"இல்ல... உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"இதுல என்ன சார் சிரமம்!"

பொறியாளர் பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனார். நெகிழ்ந்துவிட்டார் என்று எழுத்தர் நினைத்துக்கொண்டார்.

உண்மையில் எழுத்தர் தன் ஆயுளில் உயிருள்ள மீனைத் தொட்டதில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எழுத்தருக்கு வாய் தவளையைவிடக் கொஞ்சம் பெரிது.

கைபேசியில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதைத் தலைகீழாகப் பாட்டிலுக்குள்ளேயே செருகி, உள்ளே பிஸ்கட் தூளும் ஒரு கல்லும் போட்டு, கயிறு கட்டி வாய்க்காலில் இறக்க வேண்டும். உள்ளே போகிற மீனுக்கு வெளியே வர வழி தெரியாது. வெள்ளி சாயங்காலம் ஏழெட்டு முறை இறக்கி ஏற்றி, இருபத்துமூன்றைப் பிடித்தேவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வாய்க்கால் தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு, அதைக் கொட்டிவிட்டுத் தெருக்குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்தார். சனிக்கிழமை காலையில் பார்த்தால் இந்தக் கோலம்.

கதவைத் திறந்தார். மனைவி வாளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், விஷயத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டாள்.

"குழாய்த் தண்ணியில குளோரின் போடுறது யாரு?"

"நாங்கதான்."

"அது மீனுக்கு ஆகுமா?"

"உரிய அளவில் கலக்கப்படுவதால் உயிர்களுக்கு எவ்விதத் தீங்கும் இல்லைன்னு..."

"அந்த லெட்டரை எழுதுறதே நீங்கதானே! ஊரே நம்பல. நீங்க ஒருத்தர் நம்பிட்டீங்க."

எழுத்தர் மறுபடி வாய்க்காலுக்குப் புறப்பட்டார். பாட்டிலை நம்பினால் பொழுது போய்விடும் என்று தோன்றியது. கூடத்து ஜன்னலில் வலை மாதிரி ஒரு புதுத் திரை தொங்கியது. மனைவி மூன்று மாதம் கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்த திரை. அவள் உள்ளறையில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அதைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டார்.

திரை நன்றாக வேலை செய்தது. ஒரு முனையைக் கரையில் ஒரு கல்லுக்கடியில் கொடுத்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிராக மெதுவாக நடந்தார். முப்பத்துநான்கு மீன். இந்த முறை வாய்க்கால் தண்ணீரோடேயே கொண்டுவந்தார். ஆனால் ஒரு வாளியில் முப்பத்துநான்கு பேருக்கு மூச்சு போதவில்லை. பதினொரு மணிக்கெல்லாம் அத்தனையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

விசாலமான இடம் வேண்டும். குளோரின் இல்லாத தண்ணீரும் வேண்டும். எழுத்தர் யோசித்தார். மொட்டைமாடியில் மேல்தொட்டி இருந்தது. வியாழக்கிழமை ஏறிய தண்ணீர். இரண்டு நாள் நின்றதில் மருந்து பறந்திருக்கும். அந்தத் தொட்டி அவருக்கும் கீழ்வீட்டு டீச்சருக்கும் பொது என்பது ஞாபகத்தில் இருந்தது. தொட்டியின் அடியில் ஒரு குழாய் போகிறது என்பதுதான் ஞாபகத்தில் இல்லை. இத்தனைக்கும் குடிநீர் வாரியத்தில் பதினேழு வருடம்.

மூடியைத் திறந்து முப்பத்துநான்கையும் விட்டார். அவை துள்ளிக்கொண்டு ஓடின. எழுத்தருக்கு மனசு நிறைந்தது. சாயங்காலம் வரை நின்று ரசிக்கலாம் போலிருந்தது. அதற்குள் பைக்குள் இருந்த கைபேசி அடித்தது. சனிக்கிழமைகளில் புகார் எண் அவருடைய கைபேசிக்குத்தான் வரும்.

"ஹலோ, குடிநீர் வாரியமா? எங்க வீட்டுக் குழாயில மீன் வருது சார்!"

கீழ்வீட்டு டீச்சர். அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பொய் சொல்ல மாட்டார். அவர் குரல் கைபேசியிலும் வந்தது, மாடிப்படி வழியாகவும் வந்தது.

"எ... எந்த மாதிரி மீன் மேடம்?"

"உயிரோட இருக்குது சார். பல் தேய்க்கிற டம்ளர்ல வந்து விழுந்திருக்கு! ஆமா, உங்க குரல் மாடியிலேர்ந்தும் கேக்குற மாதிரி இருக்கே?"

எழுத்தர் சட்டென்று தலையைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டார்.

"இப்ப எப்படி இருக்கு மேடம்?"

"கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கு."

"தலைமை அலுவலகம் மேடம். ஹால் பெருசு."

"சரி. நான் மாடிக்குப் போய்த் தொட்டியைப் பாத்துடவா?"

"வேண்டாம்!" அந்தச் சத்தத்தில் தொட்டிக்குள் மீன்கள் மூலைக்கு ஓடின. "தொட்டியத் தொடாதீங்க மேடம். இது... இது மெயின் லைன் பிரச்சனை. நாங்க பாத்துக்குறோம். ஆவன செய்யப்படும்."

அவசரத்தில் கைபேசியிலேயே புகாரைப் பதிவு செய்து, காரணம் என்ற இடத்தில் 'முதன்மைக் குழாய்' என்று அழுத்திவிட்டார். வீட்டுத் தொட்டி என்று போட்டிருந்தால் அது அவரோடு நின்றிருக்கும். முதன்மைக் குழாய் என்றால் செய்தி நேராகப் பொறியாளருக்குப் போகும். இந்த விதிமுறையை எழுதியவர்களில் எழுத்தரும் ஒருவர்.

பத்தாவது நிமிடம் தெருவுக்கே தண்ணீரை நிறுத்தினார்கள். இருபதாவது நிமிடம் ஏன் நிறுத்தினார்கள் என்பது தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் கைபேசி ஓயவில்லை. மூன்றாம் வீட்டுக்காரர் தன் குழாயில் விலாங்கு வந்ததாகச் சொன்னார். எதிர்வீட்டம்மா ஆமை என்றார். முனைவீட்டுக்காரர், "எங்க வீட்ல மட்டும் ஒண்ணுமே வரலையே, ஏன் சார் இந்தப் பாரபட்சம்?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். எழுத்தர் அத்தனையையும் பதிவு செய்தார். கை தானாகச் செய்தது.

நான்கு மணிக்குப் பொறியாளரின் ஜீப் தெருவில் வந்து நின்றது. பொறியாளர் இறங்கினார். பின்னால் அவருடைய டிரைவர், அதிகம் பேசாத மனிதர், சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் பாட்டில்களோடு இறங்கினார். தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லித் தெருக்குழாயில் பார்த்தார்கள். தண்ணீர் பளிங்காக இருந்தது.

"முதல் புகார் எந்த வீடு?" பொறியாளர் தாளைப் பார்த்தார். "இது உங்க விலாசம்ல?"

"கீழ்வீடு சார். நான் மேல்வீடு."

"அப்ப மேல்தொட்டியப் பாத்துடலாம்."

"படி ரொம்பச் செங்குத்து சார். உங்க முழங்காலுக்கு..."

பொறியாளர் ஏற ஆரம்பித்துவிட்டார். டீச்சர் ஆதாரத்தை ஒரு கண்ணாடி ஜாடியில் ஏந்திக்கொண்டு பின்னால் ஏறினார். தெருவில் பாதி அவருக்குப் பின்னால் ஏறியது. மனைவி எல்லோருக்கும் முன்னாலேயே மாடியில் நின்றிருந்தாள், சேறு படிந்த ஒரு துணியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"என்னங்க, இது நம்ம ஹால் கர்ட்டன் இல்ல?"

எழுத்தர் அதற்குப் பதில் சொல்வதற்குள் பொறியாளர் தொட்டி மூடியைத் தூக்கினார். உள்ளே முப்பத்துமூன்று கெண்டைகள் சாயங்கால வெயிலில் மின்னின. பொறியாளர் இரண்டடி பின்னால் போனார்.

"என்னய்யா இது?"

"சார்..." எழுத்தர் அவர் காதருகே போய், "நாளைக்கு உங்க இரை சார்," என்றார்.

பொறியாளர் முகம் கறுத்தது. டீச்சர் ஜாடியை உயர்த்தி, "இதுக்கு வாரியம் என்ன பதில் சொல்லுது?" என்றார். தெருவே காத்திருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் கடிதக் குரலை எடுத்தார்.

"பொதுமக்கள் கவனத்துக்கு. தண்ணியோட தரத்தைக் கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்க, வாரியம் சோதனை முறையில மீன் விட்டிருக்கு. மீன் உயிரோட இருந்தா தண்ணி சுத்தம்னு அர்த்தம். முதல்ல ஊழியர் வீட்டுத் தொட்டியில விட்டோம்."

டீச்சர் ஜாடியை வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார்.

"நல்ல முறையாச்சே! இதை நான் முப்பது வருஷமா வகுப்புல சொல்லிட்டிருந்தேன். சரி, எங்க ரெண்டு வீட்டுக்கு மட்டும் ஏன்? தெருவுக்கே விடலாமே?"

"ஆமா, எங்க வீட்டுக்கும் வேணும்!" என்றார் முனைவீட்டுக்காரர்.

எழுத்தருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரை போய்விடுமே! ஆனால் பொறியாளர் முகத்தில் அவர் இதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது.

"கட்டாயம் விடலாம்! ஒரு தொட்டிக்கு ஒண்ணு. இப்பவே பிரிச்சுக் கொடுத்துடுங்க. ஒண்ணுகூட மிச்சம் வைக்கக் கூடாது, என்ன?" எழுத்தரின் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். "நாளைக்கு இரை இல்லாட்டி என்ன, பரவாயில்ல. மக்கள் சேவைதான் முக்கியம்."

எப்பேர்ப்பட்ட மனசு! தனக்கு உயிரான விஷயத்தையே விட்டுக்கொடுக்கிறாரே என்று எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க கவலையே படாதீங்க சார். விடியறதுக்குள்ள மறுபடி இருபது பிடிச்சு ஏரிக்கே கொண்டு வந்துடுறேன்."

பொறியாளரின் கை முதுகிலிருந்து இறங்கியது.

தெருக்காரர்கள் டம்ளரும் செம்புமாக வந்து ஆளுக்கொரு மீன் வாங்கிக்கொண்டு போனார்கள். தொட்டிகளில் குளோரினோடு புதுத் தண்ணீர் ஏறும்போது என்ன நடக்கும் என்பது எழுத்தருக்குத் தெரியும். ஆனால் அது திங்கட்கிழமைப் புகார்.

ஞாயிறு விடியும் நேரத்தில் அவரும் மனைவியும் வாய்க்காலில் நின்றார்கள். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரையின் மறுமுனையைப் பிடித்திருந்தாள்.

"கர்ட்டன் போனா போகுது. பொண்ணு பரீட்சை முடியுற வரைக்கும் நம்மள இங்கேர்ந்து கிளப்பாம இருந்தா போதும்," என்றாள். "மெதுவா நடங்க. மீன் ஓடுது."

பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவளை இவ்வளவு பிடித்துப்போனது அந்த நிமிடம்தான். வேறொரு சமயமாக இருந்தால் அதைச் சொல்லியிருப்பார். கையில் மீன் இருந்தது.

இருபத்தொரு மீன். ஸ்கூட்டரில் முன்னால் வாளி. பின்னால் மனைவி எட்டி எட்டிக் குவளையால் மொண்டு ஊற்றி மீனுக்குக் காற்றுக் கொடுத்தபடி வந்தாள். ஏரிக்கரையில் ஒரு பெரிய மரத்தடியில் மடக்கு நாற்காலி, அதில் தலையணை, பக்கத்தில் தூண்டில். தூண்டில் கைப்பிடியில் கடையில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை. பொருளை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார் என்று எழுத்தர் வியந்தார்.

"வந்துட்டேன் சார்! அத்தனையும் உயிரோட இருக்கு!"

பொறியாளர் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். வாளியைப் பார்த்தார். "கோர்த்துடுங்க," என்றார்.

"நானா? நீங்க சார்..."

"உங்களுக்குக் கைவந்த கலைன்னீங்களே?"

"உங்க கைராசி வராதே சார்."

இருவரும் வாளிக்குள் கைவிட்டார்கள். இருவரும் ஒரே சமயத்தில் அலறிக் கையை வெளியே எடுத்தார்கள். கடைசியில் டிரைவர் வந்து, ஒரு பேச்சும் பேசாமல் ஒன்றைப் பிடித்து உதட்டில் லேசாகக் கோர்த்துத் தண்ணீரில் வீசி, தூண்டிலைப் பொறியாளர் கையில் கொடுத்தார்.

பொறியாளர் உட்காரக்கூட இல்லை. கோல் வில்லாக வளைந்தது. "ஐயோ! இழுக்குது! யாராவது பிடிங்க!" என்று கத்திக்கொண்டே முழங்கால் தண்ணீரில் இறங்கினார். நாற்காலி கவிழ்ந்தது. தலையணை ஏரியில் விழுந்து மிதந்தது. டிரைவர் பாய்ந்து கோலைப் பிடித்து இழுத்துப் போட்டார். கை நீளத்துக்கு ஒரு கொடுவா!

மனைவி கைதட்டினாள். எழுத்தர் அவசர அவசரமாகப் பொறியாளரையும் மீனையும் படமெடுத்தார்.

"சார், இந்தப் படத்தை உங்க வீட்டம்மாவுக்கே அனுப்பிட்டேன் சார்!"

பொறியாளர் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஈரக் காலோடு போய் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலும்.

டிரைவர் ஏரியிலிருந்து தலையணையை எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தார். எழுத்தர் அவர் அருகே போனார்.

"பாத்தீங்களா? ஐயாவோட ஆறு வருஷக் கனவு!"

"ஆறு வருஷமா ஐயா இந்த மரத்தடியில நிம்மதியா தூங்கிட்டிருந்தார் சார்," என்றார் டிரைவர். "வீட்ல ஞாயித்துக்கிழமை விருந்தாளிங்க தொல்லை. மீன் எங்கன்னு அம்மா கேட்டா, உயிர் இரை கிடைக்கலன்னு ஒரே பதில். இனிமே வாராவாரம் மீனோடதான் வீட்டுக்குள்ள போகணும்."

மனைவி எழுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ... அந்த லிஸ்ட்? நாலாவது வரி காலியாத்தானே இருந்துச்சு?" என்றார் எழுத்தர்.

டிரைவர் தலையணையை உதறி ஜீப் மேல் காயப் போட்டார்.

"ரெண்டு வாரமா காலியாத்தான் சார் கிடந்துச்சு. வியாழக்கிழமை நீங்க இரை பிடிச்சுத் தரேன்னு சொன்னீங்கல்ல, அன்னிக்கு அந்த லிஸ்டோட வண்டியில ஏறினதும் ஐயா எங்கிட்ட பேனா கேட்டார்."